பன்னிரண்டாவது விண்ணப்பத்துக்கு முன்னால் நடந்தவை

கேள்வி: 2024 பிப்ரவரி 11, ஞாயிறு

மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயக் கூலிகளின் மகன், 12 தடவை விண்ணப்பம் போட்டு நாசாவில் விண்வெளி வீரர் ஆனார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பெயர் ஹோசே ஹெர்னாண்டஸ். "விடாமுயற்சி இருந்தால் போதும்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரே வேலைக்கு 12 முறை விண்ணப்பித்தால் யாருக்காவது கிடைக்குமா? ஒன்று ஒதுக்கீடு, இல்லையென்றால் அதிர்ஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

ஆள் உண்மை. கலிபோர்னியாவில் அவர் வளர்ந்த ஸ்டாக்டன் ஊர் நான் இருக்கும் ட்ரேசியிலிருந்து காரில் அரை மணி நேரம். மின்னியல் பொறியாளர். லிவர்மோர் ஆய்வகத்தில் வேலை பார்த்தார், 12 முறை நாசா நிராகரித்தது, அப்புறம் எடுத்துக்கொண்டது. 2009 ஆகஸ்ட் 28 இரவு டிஸ்கவரி விண்கலத்தில் போனார்.

எனக்கு அவர் பெயர் விண்வெளி வழியாகத் தெரிந்ததில்லை. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் இயந்திரம் வழியாகத் தெரியும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று நேரமில்லை.

பிப்ரவரி 12

நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 11 முறை நிராகரிப்பு. 12வது விண்ணப்பத்தில்தான் தேர்வு.

இன்னொன்று. லிவர்மோரிலிருந்து நேராக விண்வெளி வீரர் ஆனதுபோல எழுதியிருக்கிறேன். அதுவும் சரியில்லை. 2001இல் ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். 2002 முதல் 2004 வரை அங்கே பொருட்கள், செயல்முறைகள் பிரிவின் தலைவர். அதற்குப் பிறகுதான் தேர்வு. வாட்ஸ்அப் செய்தியில் இந்த மூன்று வருடம் இருக்காது. என் கணக்கில் கதையின் முக்கியமான பகுதிகளில் அது ஒன்று.

பிப்ரவரி 14

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒன்றும் விளங்காது.

அப்பா அம்மா இருவரும் மெக்சிகோவில் மிச்சோவகான் மாநிலத்தின் லா பியதாத் ஊர்க்காரர்கள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்கள். நான்கு பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. வருடா வருடம் வசந்தம் தொடங்கும்போது காரில் ஏறித் தெற்குக் கலிபோர்னியாவுக்கு வருவார்கள். அங்கே ஸ்ட்ராபெரி பறிப்பு. அது முடிந்ததும் சலினாஸ், அப்புறம் ஸ்டாக்டன் பக்கம். எந்தப் பயிர் எங்கே விளைகிறதோ அந்த ஊர். நவம்பர் வாக்கில் திரும்ப மெக்சிகோ. பிள்ளைகளுக்கு வருடத்தில் மூன்று பள்ளி மாறும். பள்ளி இல்லாத நாளில் அவர்களும் வயலில்தான்.

அந்த வயல் வேலை என்ன என்று நம்மில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு விவரம். கலிபோர்னியாவில் 1975 வரை குட்டைப் பிடி போட்ட களைக்கொத்துதான் கொடுப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். முதுகு போய்விடுகிறது என்று வழக்கு நடந்து, அந்த வருடம்தான் தடை வந்தது. நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே குட்டைப் பிடி. ஹெர்னாண்டஸுக்கு அப்போது 12, 13 வயது இருக்கும். ஆங்கிலம் சரியாக வந்ததே அந்த வயதில்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வேலை முடிந்து காரில் ஏறியதும் அப்பா பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பாராம், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று. வியர்வை, புழுதி, அலுப்பு. இதை மறக்காதீர்கள், படிக்காவிட்டால் உங்கள் எதிர்காலம் இதுதான் என்பாராம்.

ஆனால் அந்தக் குடும்பத்தைத் திருப்பியவர் ஒரு இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நவம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது பையன் வழக்கம்போல மூன்று மாத வீட்டுப்பாடத்தை மொத்தமாகக் கேட்டிருக்கிறான். அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவிடம் ஒரு மரத்தைக் காட்டிச் சொன்னாராம்: இதைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு வேறு இடத்தில் நட்டுக்கொண்டே இருந்தால் பட்டுப்போகாது, ஆனால் வளரவும் வளராது. நாற்று நட்டு வளர்த்தவரிடம் போய் இதைவிட நேராக எப்படிச் சொல்ல முடியும்! அப்பா யோசித்தார். அந்த அலைச்சலை நிறுத்திக் குடும்பத்தை ஸ்டாக்டனில் இருத்தினார்.

இந்த முடிவுக்கு என்ன விலை என்று பாருங்கள். பயிரின் பின்னால் போனால் வசந்தத்திலிருந்து நவம்பர் வரை விடாமல் கூலி. ஒரே ஊரில் உட்கார்ந்தால் அங்கே வேலை இல்லாத மாதங்களில் கூலி கிடையாது. மூன்றாம் வகுப்பு படித்த ஒரு கூலித் தொழிலாளி பிள்ளைகளுக்காக அந்தக் கூலியை விட்டிருக்கிறார். விடாமுயற்சி என்று ஒன்று இந்தக் கதையில் இருந்தால் அதை முதலில் காட்டியவர் அவர்.

பிப்ரவரி 15

"அமெரிக்காவில் பிறந்தவரை எப்படிக் குடியேறியவர் என்று சொல்லலாம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. 1962இல் ஸ்டாக்டனுக்குப் பக்கத்தில் பிரெஞ்ச் கேம்ப் என்ற ஊரில் பிறந்தவர், பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். குடியேறியது குடும்பம். குடியேறிய குடும்பத்தின் பிள்ளை என்பதுதான் சரி.

என் மகளும் இங்கேதான் பிறந்தாள். ஆனால் பேச்சு வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தை அவள்தான் எங்களுக்கு விளக்குவாள். கடவுச்சீட்டில் எழுதியிருப்பது வேறு, சமையலறையில் நடப்பது வேறு.

பிப்ரவரி 18

மேமோகிராம் விஷயம். நீளமாகத்தான் வரும்.

1998 முதல் 2005 வரை மதுரையில் எக்ஸ்ரே இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல், தேனி, விருதுநகர் வரை போவேன், பாதி நாள் பஸ்ஸில் போகும். அப்போது எல்லாம் ஃபிலிம். டார்க் ரூமில் டெவலப்பர், ஃபிக்ஸர் வாசனை சட்டையை விட்டுப் போகாது. மற்ற எக்ஸ்ரேக்களில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் எலும்பு எலும்பாகத் தெரியும். மேமோகிராம் அப்படியில்லை. டெவலப்பர் சூடு ஒரு டிகிரி இறங்கினாலும் படம் மாறும். தினமும் காலையில் ஒரு சோதனைத் துண்டு ஓட்டி, கருமையை அளந்து குறித்துவைக்க வேண்டும். நான் போன இடங்களில் அப்படிக் குறித்துவைத்தவர்கள் மிகக் குறைவு.

2001இல் என் அத்தைக்கு 44 வயது. மார்பில் ஏதோ உறுத்துகிறது என்று ஓர் இடத்தில் போய்ப் படம் எடுத்தார். ஒன்றுமில்லை என்றார்கள். ஏழு மாதம் கழித்து வேறு இடத்தில் கட்டி என்றார்கள். முதல் ஃபிலிமை வாங்கி விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக, மேகம் மாதிரி. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், ஃபிலிமில் அது வெள்ளை. கட்டியும் வெள்ளை. அதோடு அந்த டெவலப்பரை எப்போது கடைசியாக மாற்றினார்களோ. அத்தை பிழைத்துக்கொண்டார், ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். அந்த ஃபிலிம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஃபிலிமுக்கு என்ன சிக்கல் என்றால், ஒளியை வாங்குவதும் அதுவே, படத்தைக் காட்டுவதும் அதுவே, சேமிப்பதும் அதுவே. ஒரு குறிப்பிட்ட அளவு கதிருக்குத்தான் நன்றாகக் கருக்கும். அதற்குக் குறைவாக வந்தால் எல்லாம் வெள்ளை, கூட வந்தால் எல்லாம் கறுப்பு. கழுவி எடுத்த பிறகு எதையும் மாற்ற முடியாது. டிஜிட்டலில் டிடெக்டர் கதிரை எண்ணாக வாங்கிக்கொள்கிறது, காட்டுவது பிறகு. வெள்ளை மேகத்துக்குள் இருக்கும் சின்ன வித்தியாசத்தைத் திரையில் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இப்போது ஹெர்னாண்டஸுக்கு வருகிறேன். 1987இல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். எக்ஸ்ரே லேசர் என்ற ஆயுத ஆராய்ச்சித் திட்டத்தில் அவர் வேலை ஃபிலிமில் பதிந்த எக்ஸ்ரே படத்திலிருந்து சரியான அளவை எடுப்பது. எந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று கருமையை வைத்துக் கணக்குப் போடும் வேலை. அதாவது ஃபிலிம் எங்கே பொய் சொல்லும் என்று அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்துகொண்டவர். பனிப்போர் முடிந்து அந்த மாதிரி ஆயுத ஆராய்ச்சிகளுக்குப் பணம் சுருங்கிய காலத்தில், அதே கணக்கை மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். சக ஊழியர்களோடும் ஒரு தனியார் நிறுவனத்தோடும் சேர்ந்து, மார்பு முழுவதையும் ஒரே படத்தில் எடுக்கும் முதல் டிஜிட்டல் மேமோகிராம் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று நாசாவின் குறிப்பே சொல்கிறது.

2006இல் நான் இங்கே வந்து டிடெக்டர் சோதிக்கும் வேலையில் சேர்ந்தபோது, பழைய கட்டுரை ஒன்றைத் தேடிப்போய் அந்தப் பெயரைப் பார்த்தேன். மூன்று வருடம் கழித்து அதே பெயர் தொலைக்காட்சியில், ஆரஞ்சு உடையில். வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதைப் படித்தால், டிஜிட்டல் வந்ததும் எல்லாருக்கும் புற்றுநோய் சீக்கிரம் தெரிந்துவிட்டது என்று தோன்றும். அப்படிச் சொல்லக் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 49,500 பெண்களுக்கு ஃபிலிம், டிஜிட்டல் இரண்டும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்கள், அடர்த்தியான திசு உள்ளவர்கள், இவர்களுக்கு டிஜிட்டல் தெளிவாக மேல்.

அத்தைக்கு 44 வயது, அடர்த்தியான திசு.

பிப்ரவரி 22

சரி, கேள்விக்கே வருகிறேன். 11 நிராகரிப்பு.

1992இல் முதல் விண்ணப்பம். ஒவ்வொரு வருடமும் போடுகிறார், ஒவ்வொரு வருடமும் கடிதம் வருகிறது. ஆறாவது கடிதத்தைக் கசக்கித் தரையில் எறிந்துவிட்டு இனிமேல் வேண்டாம் என்று இருந்திருக்கிறார். மனைவி அதேலா அதை எடுத்துப் பிரித்துப் படித்துவிட்டு, வேண்டாம் என்று அவர்கள் சொல்லட்டும், நீங்களே ஏன் சொல்லிக்கொள்கிறீர்கள் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு ஹெர்னாண்டஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. தேர்வானவர்களின் விவரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்களிடம் இருந்து தன்னிடம் இல்லாதது என்ன என்று பார்த்தார். விமானம் ஓட்டத் தெரிந்திருக்கிறது. ஆழ்கடல் முக்குளிப்புச் சான்றிதழ் இருக்கிறது. இவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கினார். முக்குளிப்பும் கற்றார். பன்னாட்டு விண்வெளி நிலையம் ரஷ்யர்களோடு சேர்ந்து கட்டுவது என்று ஆன காலம் அது. அமெரிக்க எரிசக்தித் துறையின் சார்பில் ரஷ்யாவின் அணுப் பொருட்கள் சம்பந்தமான வேலை ஒன்று ஆய்வகத்தில் வந்தது. பலர் தயங்கக்கூடிய வேலை. இவர் அதற்குப் போனார், ரஷ்ய மொழியும் படித்தார்.

ஆகவே 12 முறையும் விண்ணப்பித்தது ஒரே ஆள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1992இல் போட்டவர் எக்ஸ்ரே படங்களிலிருந்து அளவெடுக்கும் ஒரு நல்ல பொறியாளர். 2004இல் போட்டவர் விமானம் ஓட்டுவார், கடலுக்குள் இறங்குவார், ரஷ்யன் பேசுவார், ஒரு மருத்துவக் கருவியை உருவாக்கி முடித்தவர், விண்கலப் பொருட்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவர்.

அந்தத் தலைவர் பதவியைப் பற்றிக் கொஞ்சம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பி வரும்போது உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். கிளம்பும்போது வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு, இடது இறக்கையின் முன் விளிம்பில் இருந்த கார்பன் தகட்டை உடைத்திருந்தது. நுரை, தகடு, அதில் விழுந்த ஓட்டை, எல்லாமே பொருட்கள் பற்றிய விஷயம். அந்த நாளில் ஜான்சன் மையத்தில் பொருட்கள் பிரிவின் தலைவர் இவர். ஒவ்வொரு நாளும் உடைந்த துண்டுகளைப் பற்றியே பேச்சாக இருந்திருக்கும் ஓர் இடம். அதெல்லாம் தெரிந்த பிறகும் அதே வகைக் கலத்தில் ஏற 12வது முறை விண்ணப்பித்திருக்கிறார். 2004 மே மாதம் தேர்வானபோது வயது 41.

பிப்ரவரி 23

நேற்று எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. என் சொந்த விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு நிறுவனத்தில் சோதனைக் குழுவுக்கு லீட் வேண்டும் என்றார்கள். கேட்டேன், கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி கேட்டேன், அதே ரெஸ்யூமே, ஒரு வருட அனுபவம் மட்டும் கூட. மறுபடியும் இல்லை. என் தோல், என் உச்சரிப்பு, அதனால்தான் என்று வீட்டில் கத்தினேன். அது முழுப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

அப்போது என் மேனேஜர் சலினாஸ் பக்கத்துக்காரர். அவருடைய அம்மா லெட்யூஸ் வெட்டியவர். நேராகப் போய் என்ன குறை என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "எது பழுதானாலும் நீ சரி பண்ணிவிடுகிறாய். நீ லீவு போட்டால் அதை வேறு யாருக்கும் செய்யத் தெரியவில்லை. நீ செய்கிற வேலையை இன்னும் மூன்று பேர் செய்யும்படி பண்ணு, அப்புறம் பேசலாம்." மதுரையில் டார்க் ரூமில் தனியாக நின்று பழகியவனுக்கு, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தால் நம் வேலை போய்விடும் என்கிற பயம் எலும்பில் ஊறியிருந்தது. அங்கே நான் வேலை பார்த்த ஏஜென்சியில் அப்படித்தான் இருந்தது.

ஒரு வருடம் ஆயிற்று. டிடெக்டரில் செத்த புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் முறையை எழுதிவைத்தேன். புதிதாக வந்த இருவரைக் கூட உட்காரவைத்துச் செய்யவைத்தேன். அவர்கள் தப்பாகச் செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். மூன்றாவது முறை கேட்டபோது கிடைத்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்ன குறை என்று கேட்க ஓர் ஆள் இருந்தார், அவர் உண்மையைச் சொன்னார். அந்த ஆள் இல்லாதவர்களைப் பார்த்து விடாமல் முயற்சி செய் என்று மட்டும் சொல்வது கொடுமை. அந்த அளவுக்குக் கேள்வி கேட்டவருடைய கோபம் எனக்குப் புரிகிறது.

பிப்ரவரி 25

ஒதுக்கீடு விஷயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உதவி கிடைத்தது, மறைக்க வேண்டியதில்லை. ஸ்டாக்டனில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகத்தில் 1984இல் இளநிலை. படிக்கும்போதே லிவர்மோரில் பயிற்சிப் பொறியாளராக வேலை பார்க்க வாய்ப்பு. 1986இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் முதுநிலை. பொறியியலில் சிறுபான்மையினருக்கான உதவித்தொகை அப்போது கிடைத்திருக்கிறது. அந்தப் பணம் இல்லாவிட்டால் முதுநிலை நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். நாலு பிள்ளைகளில் கடைசி, அப்பா வயலில்.

உதவித்தொகை வகுப்புக்குள் கொண்டுபோய் விடும். தேர்வை எழுத வேண்டியவர் அவர்தான். லிவர்மோரில் 14 வருடம் வேலை பார்த்தவரை ஒதுக்கீட்டில் வந்தவர் என்று ஒரு வார்த்தையில் முடித்தால், அந்த 14 வருடமும் அவர் செய்தது எதுவும் இல்லை என்று ஆகிவிடும். நம் ஊரிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள்தான்.

ஆனால் பணத்தைவிட வேறொன்று பெரிது என்று நினைக்கிறேன். பத்து வயதில், 1972 டிசம்பரில், அப்பல்லோ 17 நிலவில் நடந்ததைக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்து ஆசை வந்தது. அன்றே அப்பாவிடம் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. சமையலறை மேசையில் உட்காரவைத்து ஐந்து விஷயம் சொன்னார்: என்ன வேண்டும் என்று முடிவு செய், அது உன்னிடமிருந்து எவ்வளவு தூரம் என்று பார், வழியை வரைந்துகொள், படி, கேட்டதைவிட அதிகமாக வேலை செய். ஆனாலும் ஆசைக்கு முகம் கிடைத்தது எட்டு வருடம் கழித்துத்தான். 1980, பள்ளி இறுதி வருடம். ஸ்டாக்டன் பக்கத்தில் சர்க்கரை எடுக்கிற பீட் வயலில் களை கொத்திக்கொண்டிருக்கும்போது டிரான்சிஸ்டரில் செய்தி வருகிறது: ஃபிராங்க்ளின் சாங் டியாஸ் விண்வெளி வீரராகத் தேர்வு.

சாங் டியாஸ் கோஸ்டா ரிகாக்காரர். 1968இல் 50 டாலரோடு அமெரிக்கா வந்து, கனெக்டிகட்டில் உறவினர் வீட்டில் தங்கி, ஆங்கிலம் கற்று, எம்ஐடியில் பிளாஸ்மா இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஏழு முறை விண்வெளிக்குப் போனவர். பிளாஸ்மா ராக்கெட் எஞ்சினை இன்றுவரை விடாமல் வளர்த்துக்கொண்டிருப்பவர்.

பல வருடம் கழித்து நாசா தேர்வில் ஹெர்னாண்டஸை மதிப்பிட உட்கார்ந்திருந்தவர்களில் அதே சாங் டியாஸும் இருந்தார். யாருடைய பெயரைக் கேட்டு இங்கே வர ஆசைப்பட்டோமோ அவரே எதிரில் கேள்வி கேட்கிறார். அந்த இடத்தில் பயம் போய், இவர் தாண்டாத தடை எதுவும் நமக்கு இல்லை என்று தோன்றியதாக ஹெர்னாண்டஸ் சொல்லியிருக்கிறார். களைக்கொத்தோடு நின்ற பையனுக்கு ரேடியோவில் கேட்ட ஒரு பெயர் அவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறது.

பிப்ரவரி 26

அப்பாவின் ஐந்து விஷயத்தைச் சுவரில் ஒட்டும் வாசகம் மாதிரி நினைத்திருந்தேன். இன்று காலையில் காரில் போகும்போது அந்த இரண்டாவதை யோசித்தேன். தூரத்தை அளப்பது. அந்தக் குடும்பம் எந்த ஊரில் எந்தப் பயிர், எத்தனை நாள், பெட்ரோலுக்கு எவ்வளவு என்று வருடா வருடம் அளந்து வாழ்ந்த குடும்பம். அவருக்கு அது வெறும் வாசகமாக இருந்திருக்காது. மகன் பின்னாளில் விடாமுயற்சி என்று ஆறாவதைச் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது இல்லாமல் ஆறாவதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

மார்ச் 2

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பெண்கள் யாரும் இல்லையா என்று கேட்டவருக்கு: எலன் ஒச்சோவா. தாத்தா பாட்டி மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர்கள். ஸ்டான்ஃபோர்டில் மின்னியலில் முனைவர், ஒளியியலில் மூன்று காப்புரிமை, 1993இல் விண்வெளிப் பயணம், 2013 முதல் 2018 வரை ஜான்சன் மையம் முழுவதற்கும் இயக்குநர். அடுத்து டயானா ட்ருஹியோ. கொலம்பியா நாட்டின் காலி நகரிலிருந்து 17 வயதில் 300 டாலரோடு மயாமி வந்து, வீடு துடைக்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். பெர்சிவரன்ஸ் என்ற ஆய்வு வண்டி 2021இல் செவ்வாயில் இறங்கியபோது நாசாவின் ஸ்பானிஷ் நேரலையை நடத்தியவர். ட்ருஹியோவைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும்.

ஹெர்னாண்டஸ் போன பயணத்தில் அவர் விமானப் பொறியாளர். ஏறும்போதும் இறங்கும்போதும் தளபதிக்கும் விமானிக்கும் பின்னால் உட்கார்ந்து, கருவிகளைப் பார்த்து, ஏதாவது தப்பானால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இடம். கிட்டத்தட்ட 14 நாள். விண்வெளியிலிருந்து ஸ்பானிஷில் முதல் ட்வீட் போட்டவர் அவர்தான். புளோரிடாவில் வானிலை சரியில்லை என்று கலம் செப்டம்பர் 11 அன்று கலிபோர்னியாவில் இறங்கியது.

2011இல் நாசாவை விட்டார். அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான தேர்தலில் நின்று தோற்றார். 2021இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் நியமனம். அதாவது அவர் முதுநிலை படித்த சாண்டா பார்பராவையும் சேர்த்து நிர்வகிக்கும் குழு. லோடை பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார், சொந்த நிலம். போன இலையுதிர் காலத்தில் அந்த வழியாகப் போனோம். அறுவடை முடிந்து கொடியெல்லாம் மஞ்சளாக இருந்தது. எது அவருடையது என்று தெரியாது. ஆனாலும் வண்டியை நிறுத்தி இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றோம்.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் பார்த்தேன். தம்பி மகன், எம்.ஈ. முடித்தவன், ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூன்று முறை நிராகரிப்பு, இப்போது வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டேன், அண்ணே.

பையனிடம் இதையெல்லாம் படிக்கச் சொல்ல வேண்டாம். மூன்று விண்ணப்பத்தையும் தேதியோடு வாங்கி எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கூடவே, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவன் என்ன வேலை செய்தான், என்ன கற்றுக்கொண்டான் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதட்டும். அந்த நிறுவனத்தில் போன வருடம் தேர்வானவர்கள் யாரையாவது அவனுக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். சனிக்கிழமை எனக்கு லீவு. உங்களுக்குச் சாயங்காலம் ஏழரை, எனக்குக் காலை ஆறு மணி. போன் பண்ணுகிறேன், அவனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.